கழுவு நீரில் மிதந்த கண்ணாடி

சகலைகள் இருவரும் ஒரே கடலாய்வு நிலையத்தில் பணியாற்றுவது மாமனாருக்குப் பெருமை. மூத்தவருக்கோ அது கண்ணில் விழுந்த துரும்பு.

நடுக்கடலின் அடியிலுள்ள மலைத்தொடர்களில், அத்துணை ஆழத்தில், எரிமலை வெடிக்கவே வெடிக்காது என்பது மூத்தவரின் கொள்கை. மேலே நிற்கும் நீரின் பாரம் நீராவியை விரியவிடாது. ஆகவே எரிமலைக் குழம்பு அரவமின்றி வழிந்து உறைந்துவிடும். இதை அவர் நூலாகவே எழுதியிருந்தார். அந்நூலைப் பார்த்துத்தான் தமக்குப் பெண் கொடுத்தார்கள் என்றும் நம்பியிருந்தார்.

இளையவரோ சென்ற கடற்பயணத்தில், மலைத்தொடரின் உச்சியில் அள்ளிய சேற்றிலிருந்து மீன்செதிலினும் மெல்லிய எரிமலைக் கண்ணாடித் தகடுகளைப் பொறுக்கி எடுத்துவிட்டார்.

"அண்ணே, எப்படி வளைஞ்சிருக்கு பாருங்க. குமிழி உடைஞ்சு சிதறின துண்டு. கீழ வெடிச்சிருக்கு."

"நீ கூட நின்னு பாத்தியாக்கும்? குழம்புக்கு அடியில தண்ணி மாட்டிக்கிட்டாலும் இப்படித்தான் வரும். மலைய விட்டு ரொம்பத் தள்ளி எங்கயாவது கிடைச்சா வா, பேசலாம்."

அன்று வீட்டில் மூத்தவரின் மனைவி கேட்டாள்: "மாநாட்டுல தங்கச்சி வீட்டுக்காரர்தான் முதல்ல பேசப்போறாராமே? உங்களக் கூப்பிடலயா?"

மூத்தவர் தட்டை விலக்கிவிட்டு எழுந்தார்.

மறுநாட்காலை, மலைத்தொடருக்கு வெகு தொலைவில் தாம் முன்பு அள்ளி வைத்திருந்த சேற்றை எடுத்தார். அதில் ஒரு துணுக்கும் இராது. சகலையின் வாயை அடைத்துவிடலாம். சேற்றை நீரில் கலக்கி, கனத்தது அடியில் தங்கியதும், மேலுள்ள கலங்கலைக் கொட்டிவிடுவதே அவர் வழக்கம். இம்முறை, சகலை குறை சொல்ல இடந்தரலாகாதென்று அக்கலங்கலையும் மெல்லிய சல்லடையில் வடித்து, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்.

வளைந்த கண்ணாடித் தகடுகள்.

அவ்வளவு தொலைவுக்கு அவை வரவேண்டுமாயின், வெடிப்பு அவற்றை உயரத் தூக்கி எறிந்திருக்க வேண்டும். இத்தனை ஆண்டுகளாக அவர் தொட்டியில் கொட்டி வந்ததும் இவற்றைத்தான்.

குழாய் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு திருகு போதும், எல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும். சகலை அரைகுறைச் சான்றோடு மாநாட்டில் நின்று விழிப்பான். கை குழாயைத் தொட்டும்விட்டது. அப்பொழுது வேறொன்று தோன்றிற்று. அடுத்த பயணத்தில் தொலைதூரச் சேற்றையும் அவனே அள்ளி வருவான். அந்தப் பெயரும் அவனுக்கே போய்ச் சேரும்! வயிறு முன்னிலும் அதிகமாக எரிந்தது. கையை எடுத்துக்கொண்டார்.

"தம்பி, இங்க வா. மலைய விட்டு ரொம்பத் தள்ளி அள்ளின சேறு இது."

இளையவர் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார். அடுத்த கணம் துள்ளிக் குதித்தார்.

"அண்ணே! இனிமே எவனும் வாயத் தொறக்க முடியாது. எல்லாம் உங்களாலதாண்ணே!"

"மாநாட்டுல இத நான்தான் காட்டுவேன். முதல்ல பேசறதும் நான்தான்."

"தாராளமாப் பேசுங்க. நான் பின்னாடி உக்காந்து கை தட்டறேன்."

சண்டைக்கு வரிந்துகட்டிக்கொண்டு நின்றவருக்கு இது பேரிடியாக இருந்தது.

"ஏண்டா, உனக்கு எரிச்சலே வராதா?"

"எதுக்குண்ணே எரிச்சல்?"

மூத்தவர் சல்லடையைத் தம் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டார்.