குளவியைத் துரத்தியவன்

எங்கள் படக்கதையின் ஆறாவது இதழில் வேட்டைக்காரனைக் கொன்றது நான்தான். எழுதும்போது பெருமையாக வேறு இருந்தது.

கதை எழுதுவது அர்கம் என்கிற நான்; கண்டியில் போன் கடை வைத்திருப்பவன். வரைவது ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்து அஜந்தன். எங்களுக்கு இரண்டு முகமூடிக்காரர்கள். குளவிக் கூட்டத்தை ஏவித் திருடர்களைப் பிடிக்கும் 'குளவி' என்ற பெண்; பனிக்குள் மறைந்து பிடிக்கும் 'மூடுபனி' என்ற ஆண். யார் பெரியவர் என்று இருவருக்கும் ஓயாத போட்டி. பிள்ளைகளுக்குக் குளவி என்றால் உயிர். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

ஆறாவது இதழுக்கு, குளவியைப் பழிவாங்கத் துப்பாக்கியோடு துரத்தும் ஒரு வேட்டைக்காரன் வேண்டியிருந்தது. அவனுக்கு அவள்மேல் என்ன கோபம்? அஜந்தனைப் போனில் கேட்டேன்.

"அவனோட அம்மாவ குளவி கொட்டிக் கொன்னுருச்சுன்னு வை மச்சான். கொழுந்து எடுக்குறப்ப."

நான் சிரித்தேன். "குளவி கொட்டினதுக்கெல்லாம் ஒருத்தன் துவக்கத் தூக்குவானாடா? பைத்தியக்காரன் எண்டு வெச்சுக்குவோம்."

"சரி" என்றான். அவ்வளவுதான். நானும் எழுதினேன்: குளவியும் மூடுபனியும் போட்டியை மறந்து கைகோத்து, அந்தப் பைத்தியக்காரனை மலையுச்சியிலிருந்து தள்ளுகிறார்கள். வாசகர்கள் கைதட்ட வேண்டிய இடம்.

போன சனிக்கிழமை பகல் அஜந்தன் கடைக்கு வந்து பக்கங்களை விரித்தான். கடைசிப் பக்கத்தில், பள்ளத்தில் விழுகிறவனின் முகம் அஜந்தனுடையது. முதுகில் துவக்கு இல்லை. ஒரு கொழுந்துக் கூடை.

அவன் அம்மா தோட்டத்தில் ஒரு விபத்தில் போய்விட்டாள் என்று எப்போதோ சொல்லியிருந்தான். என்ன விபத்து என்று நான் கேட்டதே இல்லை. மூன்று வருடப் பழக்கம்.

"லொறியில தூக்கிட்டுப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு" என்றான். "மூஞ்சியே தெரியல. அவ்வளவு வீக்கம்."

"முந்தியே சொல்லீக்கலாமேடா! குளவியே வாணாம் எண்டு வெச்சீப்பேனே! இப்பவும் மாத்துவோம். அவன் சாக வாணாம்."

"வேணாம். கதைய நீ சொன்னப்ப எனக்கும் ஒரு நப்பாசை. நான் வரையுற குளவி கெட்டவங்கள மட்டுந்தானே கொட்டும். அஞ்சு இதழ் அப்படியே மனசத் தேத்திக்கிட்டேன். நீ சிரிச்சப்பதான் அம்மா ரெண்டாவது தடவ செத்த மாதிரி இருந்துச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "இனி வேற யாரையாச்சும் வரையச் சொல்லு மச்சான். புள்ளைங்க ஆசையா வாங்குதுங்க. நிப்பாட்டிறாத."

போய்விட்டான். திருடனுக்கும் திருடனின் நாய்க்கும் பெயர் தேடி மண்டையை உடைத்துக்கொண்டவன் நான். அந்த அம்மாவின் பெயர் எனக்குத் தெரியாது.

கடையைத் திறந்தபடியே விட்டுவிட்டு பஸ் நிலையத்துக்கு ஓடினேன். ஹேவாஹெட்ட பஸ் நகர ஆரம்பித்திருந்தது. ஜன்னலோரம் அவன் இருந்தான்.

"அஜந்தன்! அம்மாட பேர் என்ன?"

திரும்பிப் பார்த்தான். கோபம் இல்லை, இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இப்ப எதுக்கு மச்சான்?" என்றான்.

பஸ் வேகமெடுத்தது. அத்தனை சனத்துக்கு நடுவில் நின்று அழுதேன்.