மைன்ஸ் எண்ணெய்

காரின் பானெட்டைத் திறந்தால் ஓரமாக, உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி வெள்ளையாக ஒரு டப்பா இருக்கும். பிரேக் ஆயில் அதில்தான் இருக்கிறது. உங்கள் வீட்டுக் காரிலும் உண்டு, கண்ணுகளா. ஒருநாள் மூடியில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த பாலகாட் லைன் வீடுகளில் அதைப் படித்தவள் இந்து ஒருத்திதான்.

அவளுடைய மாமனார் கோவிந்தராஜ் சுரங்கத்தில் வைண்டிங் எஞ்சின் ஓட்டியவர். ஆட்கள் நிற்கும் கேஜ் என்கிற கூண்டைக் கம்பிக் கயிற்றில் ஷாஃப்ட் குழிக்குள் இறக்கி ஏற்றுகிற எஞ்சின் அது. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு ஆளுக்குக்கூட அவர் கையால் அடிபட்டதில்லை. சுரங்கத்தை மூடியபோது ஸ்டோரிலிருந்து ஒரு டின் எண்ணெய் கொண்டுவந்தார். கதவுக் கீலுக்கும் அதுதான், தையல் மிஷினுக்கும் அதுதான், அவருடைய முட்டி வலிக்கும் அதுதான்.

மகன் சுதர்சன் பழைய கார் ஒன்று வாங்கினான். மூன்றாம் மாதம் டப்பாவில் பிரேக் ஆயில் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. கோவிந்தராஜ் டின்னை எடுத்துவந்து கோடு வரைக்கும் ஊற்றினார்.

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த இந்து ஓடிவந்தாள். “மாமா, அதுல இத ஊத்தக்கூடாது. மூடியிலயே போட்டிருக்கு. வேற எண்ண பட்டா உள்ள இருக்குற ரப்பரெல்லாம் ஊதிப்போவும். அப்புறம் பிரேக்கே புடிக்காது. வண்டிய எடுக்காம மெக்கானிக்கக் கூப்புட்டு எல்லாத்தையும் மாத்திடலாம்.”

“பிரேக்குன்னா இன்னான்னு நீ எனக்குச் சொல்றியா? முப்பது பேரு உசுர இந்தக் கையால புடிச்சி நிறுத்துனவன் நானு.”

பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மா சிரித்தாள். “புக்கு படிச்ச மருமவ அண்ணா. பாத்துப் பேசுங்க.”

அந்தச் சிரிப்பை அவரால் தாங்க முடியவில்லை. மகனிடமிருந்து சாவியைப் பிடுங்கினார். அந்த லைன் தெரு மேட்டிலிருந்து சரிந்து, தண்ணீர்க் குழாய் பதித்த ஒரு சுவரில் போய் முடிகிறது.

“அந்தச் செவுத்தாண்ட போயி நில்லுமே. மேலருந்து வரேன். உன் முட்டிக்கு ஒரு அடி தள்ளி நிறுத்துறேன்.”

இந்து கணவனைப் பார்த்தாள். “ஏங்க, நீங்களாவது சொல்லுங்க.”

“போயி நில்லேன். நைனா மனசு நோவும்ல.” சுதர்சன் செல்போனை எடுத்து வீடியோவைத் தட்டினான்.

அவள் சுவரில் முதுகை ஒட்டி நின்றாள். லைன் முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. கார் இறங்கியது. அவள் கண்ணை மூடினாள். வண்டி நின்றபோது எஞ்சினின் சூடு புடவைக்குள் ஏறியது.

கிருஷ்ணம்மா ஸ்கேல் வைத்து அளந்தாள். “பதினோரு இஞ்சு. ஒண்ணு கொறயுது அண்ணா.”

எல்லோரும் சிரித்தார்கள். “கால்ல வுழுமே,” என்றார் கோவிந்தராஜ்.

இந்து விழுந்தாள். குனிந்தபடியே மெதுவாகச் சொன்னாள்: “இன்னிக்குப் புடிக்கும் மாமா. ரப்பர் ஊதுறதுக்கு நாளாவும்.”

அவர் காலை உருவிக்கொண்டார்.

அதன் பிறகு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. சாயங்காலம் மகன் வேலையிலிருந்து வரும்போது கோவிந்தராஜ் குழாய்ச் சுவரில் சாய்ந்து நிற்பார். கையைத் தூக்குவார். சுதர்சன் ஒரு அடி தள்ளி நிறுத்துவான்.

ஒன்பதாம் நாள் சுதர்சன் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்: “வீல்ல இன்னாமோ கருகுற வாசன வருது.”

ரப்பர் ஊதி, பிரேக் பிடித்த பிடியை விடாமல் சக்கரத்தை உரசினால் அப்படித்தான் வரும், கண்ணுகளா. அந்த வாசனை வந்தால் வண்டியை அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

“நாளைக்கே மெக்கானிக்காண்ட காட்டுங்க,” என்றாள் இந்து.

“நைனாவுக்குத் தெரிஞ்சா வீட்டுல இருக்க முடியாது. சும்மா இரு.”

அவள் மாமனாரிடமே போனாள். “அங்க மட்டும் நிக்காதீங்க மாமா. உங்களக் கும்புடுறேன்.”

“ஏன், நீ வந்து நிக்கிறியா?”

பன்னிரண்டாம் நாள் சுதர்சன் மிதித்த பெடல் தரைவரை போனது. மறுபடி மிதித்தான். மறுபடியும் போனது. ஹேண்ட் பிரேக் அவன் இடது கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அந்தக் கை ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தது. கோவிந்தராஜ் தூக்கிய கையை இறக்காமல் நின்றார். கார் அந்த ஒரு அடியையும் தாண்டிப் போய்ச் சுவரில் நின்றது.

ஆஸ்பத்திரியில் அவருடைய இரண்டு கால்களையும் பாதித் தொடையில் வெட்டி எடுத்தார்கள்.

“அன்னிக்குக் கால்ல வுழும்போது மொணமொணன்னு இன்னாமோ சொன்னா பாரு. அதான் பலிச்சிடுச்சி,” என்றாள் கிருஷ்ணம்மா. பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் சுதர்சன் அந்த வீடியோவைக் காட்டுகிறான். வண்டி சரியாக நிற்பது அதில் தெரிகிறது. இந்து குனிவதும், அவள் உதடு அசைவதும் தெரிகிறது. என்ன சொன்னாள் என்பது மட்டும் கேட்கவில்லை.

இப்போது பொழுது சாய்ந்தால் கோவிந்தராஜ் கூப்பிடுகிறார். “முட்டி வலிக்குது. எண்ண எடுத்துனு வா.”

இந்து டின்னைக் கொண்டுவந்து, கட்டுப் பிரித்த தொடையில் கை வைக்கிறாள்.

“அங்க இல்லமே. ஒரு அடி தள்ளி. முட்டி அங்கதான் கீது.”

அவள் ஒரு அடி தள்ளி, வெறும் பாயில் எண்ணெயை ஊற்றித் தேய்க்கிறாள். அவர் போதும் என்கிற வரைக்கும் தேய்க்க வேண்டும்.