பாதி வாக்கியத்தின் மீதி

படுக்கை விரிப்பை இரண்டு பேர் மடிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு விலகி நின்று விறைப்பாக இழுக்க வேண்டும். பிறகு முனையோடு முனை சேர்த்து எதிரெதிரே நடந்து வந்து, ஒருத்தி தன் கையில் இருப்பதை மற்றவளிடம் கொடுத்துவிட்டு, குனிந்து கீழே தொங்கும் மடிப்பை எடுக்க வேண்டும். மறுபடி விலகல், மறுபடி நெருங்கல்.

நானும் அக்காவும் வேலை பார்த்த சலவைக்கூடத்துக்கு ஆஸ்பத்திரி விரிப்புகளும் லாட்ஜ் விரிப்புகளும் வண்டி வண்டியாக வரும். துவைக்கிற இயந்திரங்களின் இரைச்சலில், விலகி நிற்கும்போது எதைச் சொன்னாலும் காதில் விழாது. நெருங்கி வரும்போதுதான் பேச முடியும். அதனால் அக்காவின் பேச்சு எனக்குத் துண்டு துண்டாகத்தான் வந்து சேர்ந்தது. வாக்கியத்தின் முன்பாதி ஒரு மடிப்பில், பின்பாதி அடுத்த மடிப்பில்.

அக்கா புருஷன் வீட்டிலிருந்து ஒற்றைப் பையோடு வந்து நின்றபோது, “கொஞ்ச நாள் இருக்கேன்” என்று மட்டும் சொன்னாள். அம்மா கேட்காத கேள்வி இல்லை. அடித்தாரா? இல்லை. குடிக்கிறாரா? இல்லை. வேறு யாராவது? அதுவும் இல்லை. பிறகு என்னதான் என்றால் அக்கா நகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். வீட்டில் சும்மா இருந்தால் கேள்விகள் ஓயாது என்று என்னோடு வேலைக்கு வரத் தொடங்கினாள். ஆள் பற்றாக்குறை இருந்ததால் மேற்பார்வையாளர் மறுபேச்சு பேசாமல் சேர்த்துக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் நான் மாலை நேர எழுத்து வகுப்பில் சேர்ந்திருந்தேன். ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்தின் வகுப்பறை. குழந்தைகளுக்கான பெஞ்சுகள், உட்கார்ந்தால் முழங்கால் மேசையில் இடிக்கும். நடத்துகிறவர் பகலில் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். அவர் சொன்னது ஒன்றுதான்: தினமும் பத்து நிமிடம், கை நிற்காமல் எழுத வேண்டும், நன்றாக வரும் என்று காத்திருக்கக் கூடாது. எதுவும் வரவில்லையென்றால் ‘எதுவும் வரவில்லை’ என்று எழுதலாம். நான் பல நாள் அதைத்தான் எழுதினேன். அதிலும் முதலில் தேதி போட்டு, ஓரக்கோடு இழுத்து, கோடு கோணலாக இருந்தால் அடுத்த பக்கத்துக்குப் போய், பிறகுதான் எழுதுவேன்.

“எழுத்தாளரம்மா கோடு போட்டே நோட்ட ரொப்பிடுவாங்க போல” என்பாள் அக்கா. வகுப்பு நடத்துகிறவரை அவள் பார்த்ததே இல்லை. ஆனால் அவருக்குப் ‘பத்து நிமிஷம்’ என்று பெயர் வைத்துவிட்டாள்.

வகுப்பில் என் பயிற்சிகளை வாசித்தால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். ஒரு முறை ஒருவர் ‘வானிலை அறிக்கை மாதிரி இருக்கு’ என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கும் அப்படித்தான் தோன்றியிருந்தது. பிறகு ஒரு வாரம், காதில் விழுந்த பேச்சு ஒன்றை அப்படியே கொண்டுவரச் சொன்னார்கள். மேற்பார்வையாளர் விரிப்பில் சுருக்கம் இருக்கிறது என்று அக்காவிடம் கத்திவிட்டுப் போன நாள் அது. அடுத்த மடிப்பில் நெருங்கி வந்தபோது அக்கா, “அவர் மூஞ்சிய ஒரு தடவ இஸ்திரி உருளைல விட்டு எடுத்தா எல்லாம் சரியாயிடும்” என்றாள். அதை வாசித்தேன். வகுப்பே சிரித்தது. நடத்துகிறவர், வார்த்தை மாறாமல் கொண்டுவந்திருக்கிறீர்கள் என்று பாராட்டினார். சொன்ன வார்த்தை சீக்கிரம் ஆறிப்போகும், சூட்டோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

அன்றிலிருந்து என் ஏப்ரன் பையில் துண்டுக் காகிதமும் பென்சிலும் இருந்தன. ஒரு வண்டி மடித்து முடித்ததும் சுவரோரமாகத் திரும்பி நின்று எழுதுவேன். அக்காவுக்குத் தெரியும். அவளுக்கு அது பிடித்தும் இருந்தது. சில நாள் வேண்டுமென்றே எதையாவது சொல்லிவிட்டு, “ம், இன்னிக்குப் பொழப்பு ஓடிடும்ல உனக்கு?” என்று கேட்பாள். வகுப்பில் எனக்கு மெல்ல மரியாதை வந்தது. அதில் எவ்வளவு என்னுடையது, எவ்வளவு அவளுடையது என்று எனக்குத் தெரியவில்லை.

அத்தான் ஞாயிற்றுக்கிழமை வந்து அழைத்துப் போவதாகச் சொல்லி அனுப்பினார். அந்த வாரம் முழுக்க வீடு இறுகிக் கிடந்தது. அம்மா ஒரு காலையில், சமையலறை வாசலை மறித்துக்கொண்டு நின்று அக்காவிடம் சொன்னாள்: “ஒரு காரணம் சொல்லு. சொல்லிட்டா யார் வந்து கேட்டாலும் நான் முன்னால நின்னு பேசிக்கறேன். நீ வாயத் திறக்கலன்னா நான் எத வெச்சுடி அவர்கிட்டப் பேசறது?”

அக்கா, வேலைக்கு நேரமாகிவிட்டது என்றாள்.

அன்று எங்களுக்கு ஆஸ்பத்திரி விரிப்புகள். துவைத்தும் போகாத மருந்து வாசனை. பாதி வண்டி முடிகிற வரையில் அக்கா பேசவில்லை. பிறகு, நெருங்கி வந்த ஒரு மடிப்பில், என் கையைப் பார்த்துக்கொண்டே, “நான் சொன்னா அம்மாகிட்ட நீ சொல்லுவியா? என்னால அவகிட்டச் சொல்ல முடியல” என்றாள்.

சொல்கிறேன் என்றேன். விலகினோம். நெருங்கினோம்.

“அவர் கத்த மாட்டார். கையும் ஓங்க மாட்டார். யார் கேட்டாலும் தங்கமான மனுஷன்னுதான் சொல்லுவாங்க.”

விலகினோம். அது முடிந்து அடுத்த விரிப்பு. நெருங்கி வந்தபோது அவள் குரல் இன்னும் தாழ்ந்திருந்தது.

“ஆனா சாயந்தரம் வீட்டுக்கு வந்ததும், அவர் முதல்ல...”

கையில் இருந்ததை என்னிடம் கொடுத்தாள், குனிந்து மடிப்பை எடுத்தாள், விலகினாள்.

அந்த இடைவெளியில் என் மனதில் ஓடியது அவளைப் பற்றி இல்லை. ‘யார் கேட்டாலும்’ என்றாளா, ‘எல்லாரும்’ என்றாளா? ஆறிப்போகும் முன் எழுத வேண்டும். என் பக்கத்து முனைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பையிலிருந்து பென்சிலை எடுத்தேன். எதிரே அவள் எப்போதும் போல விறைப்பாக இழுத்தாள். முனைகள் நழுவின. விரிப்பின் என் பக்கம் ஈரத் தரையில் விழுந்து விரிந்தது.

அக்கா தன் முனைகளை விடாமல் பிடித்திருந்தாள். தரையில் கிடந்ததைப் பார்த்தாள். பிறகு என் கையில் இருந்த பென்சிலைப் பார்த்தாள். விரிப்பைச் சுருட்டி எடுத்து அழுக்குக் கூடையில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள். நாங்கள் நெருங்கினோம், விலகினோம். முதலில் என்ன என்று நான் கேட்டபோது, “என்ன சொல்ல வந்தேன்னு மறந்துபோச்சு” என்றாள். வீட்டில் கேட்டேன். பஸ்ஸில் கேட்டேன். மறந்துபோச்சு என்பதற்கு மேல் எதுவும் வரவில்லை.

அந்த வார வகுப்பில் பயிற்சி வழக்கமானதுதான். ஒவ்வொருவரும் பாதி வாக்கியம் ஒன்று கொண்டுவர வேண்டும், மீதியைப் பல விதமாக எழுதிப் பார்க்க வேண்டும், எது நம்பும்படி இருக்கிறது என்று மற்றவர்கள் கை தூக்க வேண்டும். என்னிடம் இருந்த பாதி வாக்கியம் அது ஒன்றுதான். யார் சொன்னது என்று சொல்லவில்லை. ‘சாயந்தரம் வீட்டுக்கு வந்ததும், அவர் முதல்ல...’ என்று பலகையில் எழுதினேன். பத்து நிமிடத்தில் என் கை நிற்கவே இல்லை. வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து அப்படி ஓடியதில்லை. கடைசியாக நான் வாசித்த மீதிக்கு எல்லாருமே கை தூக்கினார்கள். ‘எல்லாக் கதவையும் பூட்டி, சாவியச் சட்டைப் பைல போட்டுக்குவார்.’ நடத்துகிறவர், இது நீங்கள் எழுதியதா, கேட்டதா என்றார். எழுதியது என்றேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது, அது உண்மையாக இருந்தால் என்ன என்று தோன்றியது. தெருமுனைக்கு வருவதற்குள், அது கிட்டத்தட்ட உண்மைதான் என்று தோன்றிவிட்டது. அக்கா சொல்ல வந்தது இதை விடக் கொடியதாக இருக்கலாம். இல்லாவிட்டாலும் அம்மாவுக்கு ஒரு காரணம் வேண்டும், என்னிடம் ஒன்று இருக்கிறது. ஞாயிறு நெருங்கிவிட்டது.

அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, அக்கா என்னிடம் சொன்னதாகச் சொன்னேன். முன்பாதி அவள் குரலில், பின்பாதியும் அவள் குரலில். அம்மா காய் அரிந்துகொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு எழுந்து நேராக அக்காவிடம் போனாள். அவள் போக மாட்டாள், மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை அத்தானிடம் பேசுவாள் என்று நான் எப்படி நினைத்தேன் என்று தெரியவில்லை.

“பூட்டி வெச்சாராடி உன்ன? சாவிய எடுத்து வெச்சுக்கிட்டாரா?”

அக்கா அம்மாவைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் தோளுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தாள்.

“எங்க வீட்டுல வாசக் கதவத் தவிர எதுக்கும் பூட்டே கெடயாதும்மா. வாசச் சாவி என்கிட்டயும் ஒண்ணு இருக்கு” என்றாள். பையைத் திறந்து எடுத்துக் காட்டினாள்.

“அப்ப இவ சொன்னது?”

“அவ வகுப்புப் பாடம். நல்லாத்தான் எழுதியிருக்கா.”

அம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். சரி, அது பொய், உண்மையில் என்ன நடந்தது, அதையாவது சொல் என்று கெஞ்சினாள். அக்கா சாவியைப் பைக்குள் போட்டு, பையின் வாயை மூடினாள்.

“இனிமே நான் எதச் சொன்னாலும் அதுவும் இன்னொரு கத மாதிரிதான் கேக்கும். விடும்மா.”

ஞாயிற்றுக்கிழமை மதியம் அத்தான் வந்தார். அம்மா உள்ளே தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள், அக்கா அறையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் கூடத்தில், வாசல் தெரிகிற நாற்காலியில் இருந்தேன். வந்ததும் அவர் முதலில் என்ன செய்கிறார் என்று பார்ப்பதற்காகவே அங்கே உட்கார்ந்திருந்தேன். அவர் காலணியைக் கழற்றி ஜோடியாக வைத்தார். பக்கத்தில் அக்காவின் செருப்பு கிடந்தது. கால் பெருவிரலால் அதில் ஒன்றை மெதுவாகப் புரட்டி, அடிப்பாகத்தைப் பார்த்தார். காலையில் மழை பெய்திருந்தது. அக்கா வெளியே போய் வந்திருந்ததில் அடியில் ஈர மண் ஒட்டியிருந்தது. விரலாலேயே அதை மறுபடி நிமிர்த்தி, இருந்தது போலவே வைத்துவிட்டு உள்ளே வந்தார். ஒரு நொடிதான். தலை நிமிர்ந்தபோது முகம் நிறையச் சிரிப்பு இருந்தது.

“என்ன, வகுப்பெல்லாம் ஒழுங்கா போறியா?” என்று என்னைக் கேட்டார். போகிறேன் என்றேன். நல்ல பழக்கம், விட்டுவிடாதே என்றார்.

அக்கா அறை வாசலில் நின்றிருந்தாள். அவரைப் பார்க்கவில்லை. நான் செருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் அவரோடு கிளம்பிப் போன பிறகு அம்மாவிடம் சொல்ல வாயெடுத்தேன். என்னவென்று சொல்வது? செருப்பைப் புரட்டிப் பார்த்தார் என்றா? பூட்டும் சாவியுமே நிற்கவில்லை. அன்றைய பத்து நிமிடத்துக்கு நோட்டை எடுத்து, தேதி போட்டு, கோடு இழுத்து, பார்த்ததை மட்டும் எழுதினேன். அடுத்த வகுப்பில் வாசித்தபோது யாரும் கை தூக்கவில்லை. ஒரு ஆள் இதற்காகவெல்லாம் குனிந்து பார்ப்பானா என்று ஒருவர் கேட்டார். அவர் குனியவில்லை, கால் விரலால் என்றேன். அது இன்னும் நம்பும்படி இல்லை என்றார்கள்.

சலவைக்கூடத்தில் இப்போது எனக்கு எதிரே நிற்பது புதிதாகச் சேர்ந்த ஒரு அம்மாள். காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் வேலை செய்வார். ஒரு வார்த்தை கிடையாது. மடிப்புகள் சீராக வருகின்றன, மேற்பார்வையாளர் எங்கள் பக்கம் வருவதே இல்லை. தினமும் பத்து நிமிடம் எழுதுகிறேன். பழக்கம் வந்துவிட்டது. எழுதாமல் இருக்க முடியவில்லை என்பதைத் தவிர அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

அக்கா எப்போதாவது போன் செய்வாள். போன வாரம் அவள் பேசியபோது, வேலையை விட்டுவிட்டது நல்லதாகப் போயிற்று என்றாள், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றாள், ஜன்னலுக்குப் புதுத் திரை போட்டிருக்கிறது என்றாள். எல்லாம் முழு முழு வாக்கியங்கள். முன்பு ஒரு நாளும் அவள் அப்படிப் பேசியதில்லை. வெளியே எங்கேயாவது போவாயா என்று கேட்டேன்.

“எனக்கு என்ன வெளில வேல? நல்லா இருக்கேன்.” கொஞ்சம் நிறுத்தினாள். “எழுதிக்கோ.”

நான் எழுதவில்லை, கையில் ஒன்றும் இல்லை என்றேன். சரி சரி என்று வைத்துவிட்டாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம் போய், அன்று வாசலில் பார்த்ததை ஆரம்பத்திலிருந்து சொன்னேன். மழை, ஈர மண், பெருவிரல். அம்மா கேட்டுக்கொண்டே இரண்டு துணிகளை உதறிப் போட்டாள்.

“இது எந்த வாரத்துப் பாடம்?”

பாடம் இல்லை, கண்ணால் பார்த்தேன் என்றேன்.

“வகுப்புல வாசிச்சியா இல்லயா?”

வாசித்தேன் என்றேன். அம்மா கையில் இருந்த துணியைக் கொடியில் போடாமல் அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நம்ப வேண்டும் என்று அவளுக்கும் இருந்தது, அது நன்றாகவே தெரிந்தது.

“எந்தக் கால் செருப்பு?” என்று கேட்டாள்.

“இடது” என்றேன்.

யோசிக்காமல், கேட்ட உடனேயே வந்துவிட்டது அந்தப் பதில். நான் நிஜமாகவே பார்த்தேனா, அல்லது கை நிற்காமல் ஓடிய பழக்கத்தில் வந்ததா என்று எனக்கே தெரியவில்லை. அம்மா இன்னும் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு கொடியின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.