பென்சில் ஏட்டில் ஒரு மேகம்

இரண்டு மணிப் பதிவில் ஒரு கட்டம் காலியாக இருந்தது.

வானிலை நிலையத்தின் மூத்த பதிவாளர் வேலைக்கு வந்தபோது மணி இரண்டரை. மூன்று மணிக்குக் கையெழுத்திட்டால்தான் பொறுப்பு அவளுடையதாகும். ஆயினும் அரை மணி முன்னதாக வந்து, முந்தைய பதிவுகளை வரிவரியாகப் படிப்பது அவளுடைய இருபத்தாறு ஆண்டு வழக்கம். வெப்பம், ஈரம், காற்றின் திசை, வேகம் அனைத்தும் மையில், மணிமணியான எழுத்தில் இருந்தன. மேகத்துக்குரிய பத்தியில் ‘குவிமேகம், எட்டில் ஒரு பங்கு, வடமேற்கு’ என்றிருந்தது. அதற்கடுத்த பத்தியின் தலைப்பு ‘தோற்றுவாய்’. அங்கே ஒன்றுமில்லை.

சாதாரணமாக அந்தப் பத்தி ஆண்டு முழுவதும் காலியாகவே கிடக்கும். தரையில் எரியும் தீயின் வெப்பமும் புகையும் மேலெழுந்து மேகமாகத் திரளும்போது மட்டும் அதில் ‘தீ’ என்று எழுத வேண்டும். ஆனால் அன்று சாதாரண நாளன்று. வடமேற்கு மலைச்சரிவில் மூன்று நாளாகக் காடு எரிந்துகொண்டிருந்தது. தீ கீழே இறங்காதபடி பன்னிரண்டு பேர் அங்கே புதர்களை வெட்டி, மண்ணைச் சுரண்டித் தடுப்புக்கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தலைவன் அவளுடைய கணவன்.

பதிவுக்குக் கீழே இருந்த கையெழுத்து அவளுடைய கொழுந்தனுடையது. கணவனின் ஒரே தம்பி. அதே நிலையத்தில் இளைய பதிவாளன். அவன் ஜன்னலோரம் நின்று தேநீர்க் கோப்பையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். கோப்பை எப்போதோ உலர்ந்துவிட்டது. அவன் துடைப்பதை நிறுத்தவில்லை.

அவள் ஒன்றும் கேட்காமல் முற்றத்துக்குச் சென்றாள். முற்றத்தின் நடுவில் ஒரு சதுரக் கல் பதிக்கப்பட்டிருக்கிறது. வானத்தைப் பதிவு செய்பவர் அதன்மேல் நின்றுதான் பார்க்க வேண்டும். அவள் கல்லில் ஏறி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, காற்றுமானிக் கம்பத்தின் முனைக்கு நேராக அந்த மேகத்தை நிறுத்திப் பார்த்தாள். மற்ற வெண் துணுக்குகள் ஒவ்வொன்றாகக் கம்பத்தைத் தாண்டிக் கிழக்கே நடந்தன. இது நடக்கவில்லை. கடிகாரத்தில் இரண்டு நிமிடம் போயிற்று. மேகம் வேரூன்றியதுபோல் அதே இடத்தில் நின்றது. உச்சி மட்டும் காலிஃப்ளவர் போலப் புடைத்துப் புடைத்து உயர்ந்தது. தலை வெளுப்பு, இடுப்புக்குக் கீழே அழுக்குப் பழுப்பு.

நிலையத்தில் எல்லோருக்கும் தெரிந்த நிலையாணை ஒன்று உண்டு. தோற்றுவாய்க் கட்டத்தில் ‘தீ’ என்று விழுந்த அந்த நிமிடமே தீயணைப்புக் கட்டுப்பாட்டு அறைக்குச் செய்தி போக வேண்டும். சரிவில் இருப்பவர்கள் கையிலுள்ளதைப் போட்டுவிட்டு இறங்க வேண்டும். இத்தகைய மேகம் ஓரளவுக்கு மேல் தன்னைத் தாங்காது. அது சரியும்போது குளிர்ந்த காற்று மேலிருந்து கொட்டி நாலாபுறமும் சிதறும். அப்போது தீ எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல இயலாது.

ஒன்பது ஆண்டுகளாக இந்தக் கல்லில் நின்றவனுக்கு இது தெரியாமலா இருக்கும்? தெரியாமல் விட்டான் என்று நம்ப அவளுக்கு ஆசைதான். ஆனால் அந்தச் சரிவின் அடிவாரத்தில்தான் அவன் வீடு கட்டியிருந்தான். கூரை வேலை முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கதவுகளுக்கு வண்ணம் பூசுவது மட்டும் பாக்கி. தடுப்புக்கோடு அந்த வீட்டுக்கு நேர் மேலே ஓடியது. ஆட்கள் இறங்கிவிட்டால் தீக்கும் வீட்டுக்கும் நடுவே ஒருவரும் இல்லை.

உள்ளே வந்து நாற்காலியில் அமர்ந்தாள்.

“அந்த மேகத்தை என்னன்னு நினைச்சே?”

“சின்ன மேகம்தான் அண்ணி. வெயில் நாள்ல வராததா?”

“பென்சில் ஏட்டைக் குடு.”

கல்லில் நிற்கும்போது கண்டதைச் சட்டைப்பை ஏட்டில் பென்சிலால் குறித்துக்கொள்வதும், உள்ளே வந்தபின் அதைப் பதிவேட்டில் மையால் படியெடுப்பதும் அங்கே மாறாத முறை. அவன் சட்டைப்பையைத் தடவினான். மேசை இழுப்பறையைத் திறந்து மூடினான். ஏட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டதாகச் சொன்னான். பென்சில் தொலையாதிருக்க எல்லாப் பதிவாளர்களும் அதை ஏட்டோடு சேர்த்து ஒரு நூல்கயிற்றால் கட்டி வைப்பார்கள். அந்தக் கயிற்றின் நுனி அவனுடைய கால்சட்டைப் பையிலிருந்து நாலு விரற்கடை தொங்கிக்கொண்டிருந்தது.

“ஏடு வீட்டுல, கயிறு இங்கயா? ரொம்ப நீளமான கயிறா இருக்கே.”

அவன் ஏட்டை எடுத்து மேசைமேல் வைத்தான். அவள் புரட்டினாள். ‘1.55. வ.மே. குவிமேகம். நகரவில்லை. அடி பழுப்பு. தோற்றுவாய்: தீ.’ கடைசிச் சொல்லின் அடியில் கோடும் இழுத்திருந்தான்.

கல்லின்மேல் நின்ற கை, பழக்கத்தால் உள்ளதை எழுதிவிட்டது. மேசைக்கு வந்த பிறகுதான் அந்தக் கைக்கு வீடு நினைவுக்கு வந்திருக்கிறது.

“அரை மணி அண்ணி. அதுக்குள்ள கோடு போட்டு முடிச்சிடுவாங்க. அரை மணிதான் கேட்டேன்.”

“யாருகிட்ட கேட்டே? மேகத்துகிட்டயா?”

அவன் மறுபடி கோப்பையை எடுத்துத் துடைக்கத் தொடங்கினான்.

“உங்கண்ணன் அங்கதான் நிக்கிறாரு.”

“அண்ணன் நிக்கறதாலதான் அந்த வீடே இன்னும் நிக்குது” என்றான். சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவன் காதிலேயே விழுந்ததுபோல் இருந்தது. கோப்பையைக் கீழே வைத்தான்.

அவள் தொலைபேசியை எடுத்தாள். கட்டுப்பாட்டு அறை அதிகாரிக்கு நிலையத்தில் ‘அப்படியா’ என்று பட்டப்பெயர். சூரியன் கிழக்கே உதித்தது என்றாலும் அப்படியா என்று கேட்பவர். அவள் கண்டதை முறைப்படி சொன்னாள். அவர் அப்படியா என்றார். இரண்டு மணி அறிக்கை தம் முன்னேதான் இருக்கிறது என்றும், அதில் அப்படி ஒன்றும் இல்லை என்றும், அரை மணிக்குள் ஒரு மேகம் தன் பிறப்பை மாற்றிக்கொள்ளுமா என்றும் வினவினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“உங்க வீட்டுக்காரர் மேல இருக்கார்னு எனக்குத் தெரியும்மா. நேத்து ஒரு அம்மா கூப்பிட்டு, எம் புள்ளையை மட்டும் இறக்கிடுங்கன்னு அழுதாங்க. நான் யாரை நம்பறது?”

இருபத்தாறு ஆண்டில் அவளுடைய பதிவை யாரும் ஐயுற்றதில்லை. முகம் சுட்டது. ஆனால் அவர்மேல் கோபம் வரவில்லை; அந்த நாற்காலியில் அவள் இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பாள். மூன்று மணி வரை பொறுப்பு யாருடையதோ, கையெழுத்து யாருடையதோ, அவர் வாயால் சொன்னால்தான் ஆட்களை இறக்க முடியும் என்று அதிகாரி முடித்தார்.

மணி இரண்டு நாற்பத்தொன்று. அவள் ரிசீவரைக் கொழுந்தனை நோக்கி நீட்டினாள். கெஞ்சவில்லை, மிரட்டவுமில்லை. மனத்துக்குள் மட்டும், இவன் இதையும் மழுப்பிவிடுவான் என்ற எண்ணம் முள்போல் நின்றது. அவன் ஜன்னலைப் பார்த்தான். அங்கிருந்து வீடு தெரியாது, மேகம்தான் தெரியும். அதன் தலை இப்போது ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியிருந்தது.

வாங்கிக்கொண்டான்.

“இளைய பதிவாளர் பேசறேன். ரெண்டு மணிப் பதிவுல ஒரு கட்டம் விட்டிருக்கேன். தோற்றுவாய் தீ. ஒண்ணு அம்பத்தஞ்சுக்கே பார்த்துட்டேன்.”

எதிர்முனையின் ‘அப்படியா’ அவளுக்கும் கேட்டது. எழுத மறந்துவிட்டீர்களா என்று அதிகாரி வினவியதும் காதில் விழுந்தது. தப்பித்துப் போக அகலமான வாசல் அது. கொழுந்தன் அண்ணியைப் பார்த்தான். அவள் பார்வையை விலக்கவில்லை.

“இல்லீங்க. மறக்கல.”

இரண்டு நாற்பத்து மூன்றுக்குக் கம்பியில்லாக் கருவியில் ஆணை போயிற்று. மூன்று மணிக்கு அவள் கையெழுத்திட்டுப் பொறுப்பேற்றாள். மூன்று மணி நான்கு நிமிடத்தில் காற்றுத் திசைகாட்டியின் முள் அரைவட்டம் சுற்றி எதிர்த்திசையில் நின்று நடுங்கியது. கதவு தானாக அறைந்து மூடியது. முற்றத்துக் கல்லின்மேல் பெரிய பெரிய துளிகளாக நாலைந்து விழுந்தன. ஒவ்வொன்றும் சாம்பல் கலந்த கருப்பு. அவள் அவற்றையும் நேரத்தோடு குறித்தாள். ஓர் எண் கோணிற்று. அதை அடித்துத் திருத்தவில்லை.

மூன்றரைக்குத் தொலைபேசி வந்தது. பன்னிருவரும் சாலைக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் நின்றிருந்த சரிவு முழுவதையும் தீ ஒரே மூச்சில் கடந்துவிட்டது. வீட்டைப் பற்றி அதிகாரி ஒன்றும் சொல்லவில்லை. கொழுந்தனும் கேட்கவில்லை.

மாலையில் கணவன் புருவம் கருகி, குரல் கம்மித் தன் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். செய்தி கொடுத்தது தம்பி என்று வழியிலேயே யாரோ சொல்லியிருக்கிறார்கள். கூடத்தில் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்த தம்பியின் தோளில் கை வைத்தான்.

“தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுடா. வீட்டைத் திரும்பக் கட்டிக்கலாம். சொந்த வீடு எரியும்னு தெரிஞ்சும் சொன்னே பாரு.”

தம்பி நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தான்.

“நீயும் கூடத்தானே இருந்தே?” என்று கணவன் அவளைக் கேட்டான்.

“இருந்தேன். அவன்தான் சொன்னான்.”

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. எத்தனை மணிக்கு என்று அவள் சொல்லவில்லை, கணவனும் கேட்கவில்லை. விளக்கம் கேட்டு மேலிடத்துக் கடிதம் எப்படியும் வரும். அன்று தெரிந்துகொள்ளட்டும். அதுவரை தானும் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறோம் என்பது அவளை உறுத்திக்கொண்டே இருந்தது.

மறுநாள் இரண்டரைக்கு அவள் நிலையத்துக்குள் நுழைந்தாள். கேட்பதற்கு முன்பே கொழுந்தன் பென்சில் ஏட்டைப் பதிவேட்டின் பக்கத்தில் விரித்து வைத்தான். கயிறு ஒழுங்காகச் சுற்றப்பட்டிருந்தது. அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பென்சிலையும் மையையும் வரிக்கு வரி ஒப்பிட்டாள். எல்லாம் பொருந்தியிருந்தன.

பக்கத்தைப் பின்னுக்குத் திருப்பி, முதலிலிருந்து இன்னொரு முறை ஒப்பிட்டாள்.