கோழிகள் குடியிருந்த மோரிஸ் மைனர்

என் கணவர் முகுந்தனுக்கு ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டு வேலை. வாரத்தில் ஐந்து நாள் அடுத்தவர் செய்த பொருளில் குற்றம் கண்டுபிடிப்பார். மிச்ச இரண்டு நாளும் ஏதாவது ஒரு பழைய காருக்கு அடியில் படுத்திருப்பார். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அவருடைய கால்களைத்தான். குசினிக் குழாய் இரண்டு வருஷமாக ஒழுகுகிறது. நான் சுற்றிக் கட்டிய துணிதான் இன்னும் அதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. கேட்டால், "அது சின்ன வேலை, துளசி," என்பார். சின்ன வேலை என்றால் செய்யவே வேண்டாம் என்று அவருக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

இந்த மோரிஸ் மைனர் கார் என் சின்னம்மா நல்லம்மாளுடையது. அவர் ஈஜோக்கில், செம்பனைகளுக்கு நடுவே ஒரு பலகை வீட்டில் தனியாக இருக்கிறார். சித்தப்பா சன்னாசி தோட்டத்தில் லோரி ஓட்டியவர். வெள்ளைக்காரத் துரை ஊருக்குத் திரும்பும்போது தன் காரை அவரிடம் தள்ளிவிட்டுப் போனார். சித்தப்பா அதை ஓட்டினார், பிறகு அது ஓடாமல் போயிற்று, பிறகு சித்தப்பாவும் போய்ச் சேர்ந்தார். வீட்டுக்குப் பின்னால் நின்ற காரில் சின்னம்மா கோழி வளர்த்தார். பின்சீட்டில் முட்டை, ஸ்டியரிங் மேல் சேவல். பொழுது சாய்ந்ததும் கதவைச் சாத்திவிட்டால் முட்டை தின்னும் பியாவாக் உடும்பும் கோழி பிடிக்கும் மூசாங் மரநாயும் கிட்டே வர முடியாது. அக்கம்பக்கத்தில் சின்னம்மாவுக்குப் பெயரே முட்டைக்காரம்மா. அந்த முட்டையால்தான் யாரிடமும் கையேந்தாமல் நிமிர்ந்து நடந்தார்.

மூன்று வருஷத்துக்கு முன் தீபாவளிக்கு அங்கே போனபோது, முகுந்தன் கோழி எச்சத்துக்குள் கையை விட்டு எதையோ தடவிப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது. எங்கள் கல்யாணத்தன்றுகூடக் கலங்காத கண்.

"ஒரிஜினல் டேஷ்போர்டு அத்தை. இதைப் போயி கோழிக்கு விட்டுட்டீங்களே."

"வேணும்னா எடுத்துக்கங்க மாப்ள," என்றார் சின்னம்மா. "கோழிக்கு மட்டும் ஒரு கூடு வேணும்."

"ஒரே வாரம் அத்தை. நானே வந்து கட்டித் தர்றேன். நாலு பலகை, கொஞ்சம் கம்பி வலை. சின்ன வேலை லா."

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குக் குசினிக் குழாய் ஞாபகம் வந்தது.

கார் லோரியில் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தது. முகுந்தன் அதைக் கடைசித் திருகாணி வரை கழற்றினார். இங்கிலாந்திலிருந்து ரப்பர் வந்தது, சீட்டுக்குத் தோல் வந்தது. ஒரு கதவுக் கைப்பிடிக்காகப் பினாங்கு வரை போய் வந்தார். அந்தப் பச்சை சரியான பச்சை இல்லை என்று அடித்த சாயத்தைச் சுரண்டிவிட்டு மறுபடி அடித்தார். பக்கத்திலிருக்கும் ஈஜோக்குக்குப் போக மட்டும் அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

கோழிகள் மாமரத்தில் ஏறித் தூங்கின. சின்னம்மா கூடையைக் கவிழ்த்துப் பார்த்தார், தகரத்தைச் சாய்த்து வைத்துப் பார்த்தார். மூசாங் ஒவ்வொன்றாகக் கொண்டு போய்க் கடைசியில் மூன்று கோழிதான் மிஞ்சியது. முட்டைக்காரம்மா கடையில் முட்டை வாங்கினார். அதை அவர் என்னிடம் சொன்னபோது எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"நீங்களே கேளுங்க சின்னம்மா. நான் கேட்டா அவருக்குக் காதே கேக்காது."

"மாப்ளய எப்படிம்மா கேக்குறது? மரியாதையா இருக்காது."

அதுதான் சின்னம்மா. மாப்பிள்ளை நின்றால் தானும் நிற்பார், மாப்பிள்ளை பெயரைச் சொல்லவும் மாட்டார். கூடு என்ற சொல்லை அதன் பிறகு மாப்பிள்ளை எதிரில் எடுக்கவே இல்லை. மாப்பிள்ளையோ, அத்தை மறந்துவிட்டார் என்று நிம்மதியாக இருந்தார்.

போன மாதம் கோலசிலாங்கூர் திடலில் பழைய கார் கண்காட்சி. முகுந்தன் காலையிலேயே மோரிஸில் கிளம்பிவிட்டார். என்னை ஏற்றவில்லை, சீட்டில் வியர்வை படுமாம். நான் என் மைவி காரை எடுத்துக்கொண்டு ஈஜோக் வழியாகப் போய்ச் சின்னம்மாவை ஏற்றிக்கொண்டேன். பட்டுப்புடவை கட்டியிருந்தார். கையில் மூடி போட்ட பெரிய பிரம்புக்கூடை.

"என்ன சின்னம்மா அது?"

"மாப்ளயோட விசேசம். வெறுங்கையோடயா போறது?"

கூடைக்குள் ஏதோ கொக்கரித்தது. நான் அதை வாங்கிப் பின்சீட்டில் பத்திரமாக வைத்தேன். எனக்கு அன்றைக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

திடலில் மோரிஸ் பளபளவென்று நின்றது. சுற்றிலும் கயிறு கட்டி, தொடாதீர்கள் என்று மூன்று மொழியில் எழுதி வைத்திருந்தார். கிளப் தலைவர் தேவதாஸ் மைக்கைக் கொடுத்ததும் முகுந்தன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"இந்தக் காரு என் வைஃப் வீட்டுப் பாரம்பரியம். நான் பாக்குறப்ப கோழி அசிங்கம் பண்ணி, கேக்க நாதியில்லாம கெடந்துச்சு. நான்தான் காப்பாத்துனேன்."

எல்லோரும் கை தட்டினார்கள். நாங்கள் நிற்பதை அப்போதுதான் பார்த்த முகுந்தன் பெருமையாக, "அத்தையே வந்திருக்காங்க," என்றார். தேவதாஸ் மைக்கோடு சின்னம்மாவிடம் வந்தார். சின்னம்மா கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். காரின் பின்கதவைத் திறந்தார், கூடையையும் திறந்தார். மூன்று கோழிகளும் இறங்கி, இங்கிலாந்துத் தோலை ஒருமுறை கிளறிப் பார்த்துவிட்டு, தங்கள் பழைய இடத்தில் உட்கார்ந்தன.

"அத்தை, தோலு அத்தை," என்று முகுந்தன் ஓடி வந்தார். ஒன்றைப் பிடித்து இழுத்தார். அது நகத்தால் சீட்டைப் பற்றிக்கொண்டதும் பயந்து கையை எடுத்துவிட்டார்.

சின்னம்மா கைகூப்பினார். தேவதாஸ் நீட்டிய மைக் அவர் வாய்க்கு நேராக இருந்தது.

"கூடு கட்டித் தர்றேன்னு சொன்னீங்க மாப்ள. மூணு வருசம் ஆனாலும் சொன்ன சொல்லக் காப்பாத்திட்டீங்க. கோழிக்குத் தோலு மெத்த போட்டு யாரு குடுப்பா? நீங்க நல்லா இருக்கணும்."

திடலில் ஒருவர் சிரிக்க ஆரம்பித்து, பிறகு எல்லோரும் சிரித்தார்கள். "என்ன கூடு, முகுந்தன்?" என்று தேவதாஸ் கேட்டார். முகுந்தன் என்னைப் பார்த்தார். நான் மோரிஸின் பச்சையை ரசித்துக்கொண்டிருந்தேன்.

வேறு வழியில்லாமல் அன்றைக்கே காரை ஈஜோக்குக்கு ஓட்டி வந்தார். பக்கத்தில் சின்னம்மா, பின்னால் கோழிகள், அவர்களுக்குப் பின்னால் மைவியில் நான். வீட்டுக்குப் பின்புறம் பழைய இடத்தில் நிறுத்தியதும் சின்னம்மா பணிவாகச் சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். அத்தை முந்தானையில் மாப்பிள்ளை கை வைக்க முடியுமா?

இப்போது முகுந்தன் வாராவாரம் ஈஜோக்குக்குப் போகிறார், கூடு கட்ட. ஆனால் கடைப் பலகை அவருக்கு ஆகவில்லை. பழைய தோட்ட லயத்து வீட்டில் கழற்றிய செங்கால் மரம்தான் வேண்டுமாம், தேடிக்கொண்டிருக்கிறார். கீலுக்கு இங்கிலாந்துக்கு எழுதியிருக்கிறார். எங்கள் வீட்டுக் குழாயை நான் ஆள் வைத்து மாற்றிவிட்டேன்.

சின்னம்மா அவரை ஒரு வார்த்தைகூட அவசரப்படுத்துவதில்லை. நேற்றுப் போயிருந்தபோது மோரிஸின் பின்சீட்டில் கையை விட்டு முட்டைகளை எடுத்து எனக்குக் கொடுத்தார்.

"மாப்ள மெதுவாவே கட்டட்டும்மா," என்றார். "நமக்கு என்ன அவசரம்."