ஐஸ் தண்ணீரில் ஐம்பது டிகிரி

ஆர்லன் இறந்தது ஜனவரியில். எங்கள் ஊரில் ஜனவரியில் இறப்பவர்களை உடனே புதைக்க முடியாது. மண் இறுகிப் பாறையாகிவிடும். கல்லறைத் தோட்டத்து ஓரத்தில் இருக்கும் கல் அறையில் பெட்டியை வைத்துப் பூட்டிவிட்டு ஜூன் வரை காத்திருக்க வேண்டும். நாங்கள் கன்சாஸ் சமவெளியில் பிறந்து வளர்ந்தவர்கள். அங்கே எந்த மாதத்திலும் குழி வெட்டலாம். ஓய்வு பெற்ற பிறகு மலையைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும் என்று ஆர்லன் ஆசைப்பட்டதால் கொலராடோவின் இந்த உச்சிக்கு வந்தோம். அந்த ஆசைக்கு இப்படி ஒரு காத்திருப்பும் உண்டு என்று எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

மே மாதக் கடைசியில், வேலிக்கு அந்தப் பக்கம் கம்பளத்தை உதறிக்கொண்டிருந்த ட்ரூடி என்னைக் கூப்பிட்டாள்.

"லியோனா, அடக்கத்தன்னைக்கு சாப்பாட்டுக்கு என்ன பண்ணப்போறே?"

"சர்ச் பொம்பளைங்க ஏதோ கொண்டு வர்றதா சொல்லியிருக்காங்க."

"அவங்க கொண்டு வர்றதத் தின்னா நாமளும் ஆர்லன்கூடவே போகவேண்டியதுதான். அவரோட அடுப்பப் பத்த வை. கோழி வாட்டுவோம்."

அந்தக் கரி அடுப்பு எங்கள் வீட்டுப் பின்புறத்தில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. அதைப் பத்தவைத்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. ஏன் என்று என்னைப் போலவே ட்ரூடிக்கும் தெரியும்.

"உனக்கு அது பரவாயில்லையா?" என்று கேட்டேன்.

"அந்த மனுஷன் மூணு தெர்மாமீட்டர் வச்சுப் பாத்தாரு. அதுக்கு மேல என்ன செய்யணும்?" என்றாள். கம்பளத்தை மறுபடி உதறத் தொடங்கினாள்.

நாங்கள் இந்த ஊருக்கு வந்த முதல் ஜூலையில் ஆர்லன் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் கோழி வாட்டிப் போட்டார். வந்தவர்களில் ட்ரூடியின் கணவர் ஓர்வில்லும் ஒருவர். சிறுநீரகம் பழுதாகி மெலிந்திருந்த மனிதர். இரண்டு நாளில் நாலைந்து பேருக்கு வயிறு கெட்டது. மற்றவர்கள் தேறிவிட்டார்கள். ஓர்வில் மருத்துவமனைக்குப் போய் அங்கேயே இறந்துபோனார். சாப்பாட்டில் இருந்த கிருமிதான் என்றார்கள் டாக்டர்கள். எந்தச் சாப்பாடு என்று அவர்களால் சொல்ல முடியவில்லை.

அன்றிலிருந்து ஆர்லன் அடுப்பைத் தொடவில்லை. கோழியில் நூற்று அறுபத்தைந்து டிகிரி ஃபாரன்ஹீட் வந்தால்தான் கிருமி சாகும் என்பது அவருக்குப் பாடம். ஒவ்வொரு கோடைத் தொடக்கத்திலும் தெர்மாமீட்டர்களைக் கொதிக்கிற தண்ணீரில் விட்டு, முள் தண்ணீர் கொதிக்கும் அளவான இருநூற்றுப் பன்னிரண்டில் நிற்கிறதா என்று பார்ப்பார். நிற்காவிட்டால் வட்டத்துக்குப் பின்னாலிருக்கும் நட்டைக் குறடால் பிடித்துத் திருப்பி நிறுத்துவார். இங்கே வந்த அந்த வருடமும் விருந்துக்கு முன்பு பார்த்தார். மூன்றுமே குறைத்துக் காட்டின. "கன்சாஸ்ல இருந்து லாரியில குலுங்கிக் குலுங்கி மூணும் கெட்டுப்போச்சு" என்று சொல்லி, மூன்றையும் திருப்பிச் சரிசெய்தார். பிறகு இரண்டு குளிர்காலம், இருமலுக்கு நடுவிலும் தூக்கத்துக்கு நடுவிலும் அவர் என்னிடம் சொன்னது ஒன்றுதான். "நான் பாத்தேன் லியோனா. நூத்தறுபத்தஞ்சு. தொடையிலயும் பாத்தேன், நெஞ்சுலயும் பாத்தேன்."

ட்ரூடியின் மகன் கர்ட் அதை நம்பவில்லை. ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டும் இயந்திரத்தை ஓட்டுபவன் அவன்தான். ஆர்லனின் குழியைப் பற்றிப் பேசப் போனபோது இன்ஜினை அணைக்காமலே சொன்னான். "குழி வெட்டித் தர்றேன், அது என் வேலை. உங்க வீட்டுல வந்து சாப்பிட மாட்டேன், அத மட்டும் கேக்காதீங்க மிஸஸ் ஹக்கபி."

ஆர்லனுக்கு இப்போது இருந்த ஒரே சாட்சி அந்த மூன்று முட்கள்தான்.

அடக்கத்துக்கு முந்தின வியாழக்கிழமை கொட்டகையிலிருந்து மூன்றையும் எடுத்தேன். இரண்டு, இறைச்சியில் குத்துகிறவை. மூன்றாவது, அடுப்பின் மூடியில் பொருத்துவது. துணைக்கு ஒன்று இருக்கட்டும் என்று கடையில் எண்கள் ஒளிரும் புதியது ஒன்றும் வாங்கி வந்திருந்தேன். பயன்படுத்துவதற்கு முன் ஐஸ் தண்ணீரில் சரிபார்க்கச் சொல்லி அதன் அட்டையில் போட்டிருந்தது. முப்பத்திரண்டு வர வேண்டும்.

ஐஸை உடைத்துக் கண்ணாடி டம்ளரில் வாய்வரை நிரப்பி, தண்ணீர் ஊற்றிக் கலக்கினேன். புதியதை விட்டேன். முப்பத்திரண்டு. குத்தும் தெர்மாமீட்டரில் ஒன்றை விட்டேன். முள் இறங்கி ஐம்பதில் நின்றது. தட்டினேன். ஐம்பதுதான். இன்னொன்றை விட்டேன். அதுவும் ஐம்பது. மூடியில் பொருத்துவதில் நூறுக்குக் கீழே எண்ணே கிடையாது, அதனால் அதை விடவில்லை.

பிறகு, கொட்டகையில் இரண்டு குளிர்காலம் கிடந்ததால் கெட்டிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆர்லன் செய்த மாதிரியே செய்து பார்ப்போம் என்று தண்ணீரைக் கொதிக்க வைத்தேன். நன்றாகத் தளதளவென்று கொதித்ததும் எல்லாவற்றையும் விட்டேன். ஆர்லனுடைய மூன்று முட்களும் இருநூற்றுப் பன்னிரண்டில் போய் நின்றன. ஒரு மயிரிழைகூடத் தவறவில்லை. புதியது நூற்றுத் தொண்ணூற்று நான்கு காட்டியது.

அப்போது எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல வேண்டும். புதியதுதான் கெட்டது. ஐஸ் கணக்கில் நான் ஏதோ தப்புப் பண்ணியிருக்கிறேன். கொதிக்கிற தண்ணீரில் தப்பு வராது. பாத்திரத்தைப் பார்த்துச் சிரித்தேன் என்றுகூட நினைக்கிறேன்.

பின்கதவைத் தள்ளிக்கொண்டு ட்ரூடி உள்ளே வந்தாள். கையில் இரவல் கொடுக்க எடுத்து வந்த பெரிய தாம்பாளம்.

"என்ன, தெர்மாமீட்டர் சூப்பா?"

"கடைக்காரன் ஏமாத்திட்டான் ட்ரூடி. இதப் பாரு, கொதிக்கிற தண்ணியில நூத்துத் தொண்ணுத்தி நாலு காட்டுது. ஆர்லனோடது மூணும் கரெக்ட்டா இருக்கு."

அவள் குனிந்து பார்த்தாள். இந்த ஊரிலேயே பிறந்தவள் அவள், சமவெளியில் ஒரு வாரம்கூட இருந்ததில்லை. "புதுசுதான் சரி" என்றாள், சாதாரணமாக. "இங்க, இந்த உசரத்துல, தண்ணி நூத்துத் தொண்ணுத்தி நாலுலயே கொதிச்சிரும். அதனாலதான உனக்கு பீன்ஸ் வேகவே மாட்டேங்குதுன்னு புலம்புறே. இருநூத்திப் பன்னிரண்டெல்லாம் கீழ, கடல் பக்கத்துல."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே அது எட்டியது. அவள் முகம் உறைந்துபோனதைப் பார்த்தேன். ஐம்பதிலிருந்து முப்பத்திரண்டைக் கழித்தால் பதினெட்டு. இருநூற்றுப் பன்னிரண்டிலிருந்து நூற்றுத் தொண்ணூற்று நான்கைக் கழித்தாலும் பதினெட்டு. லாரியில் எதுவும் கெடவில்லை. இந்த மலையில் மூன்றும் உண்மையைச் சொல்லின. ஆர்லன் மூன்றையும் திருத்திவிட்டார். அவர் நூற்று அறுபத்தைந்து என்று பார்த்த கோழியில் இருந்த சூடு நூற்று நாற்பத்தேழு.

அடுப்பை அணைத்தேன். குமிழிகள் அடங்கும்வரை இருவரும் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ட்ரூடி அழத் தொடங்கினாள். நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் தலையை ஆட்டினாள்.

"நீ நினைக்கிற மாதிரி இல்ல. நான் என் சாலட்டுன்னு நினைச்சிட்டிருந்தேன் லியோனா. முட்டை போட்ட உருளைக்கிழங்கு சாலட்டு. அன்னைக்கு மதியம் பூரா கார்ல வச்சு மறந்துட்டேன். கொண்டாந்து மேசையில வச்சேன். யாருகிட்டயும் சொல்லல. ஆர்லன் பாத்தாரு, ஆர்லன் பாத்தாருன்னு எல்லார்கிட்டயும் சொன்னேனே, அவருக்காகச் சொன்னேன்னு நினைச்சியா?"

அவள் கண்ணைத் துடைத்தபோது அந்த முகத்தில் இருந்தது விடுதலை. அதை அவளால் மறைக்க முடியவில்லை. மறைக்கவில்லை என்று அவள்மேல் எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் நியாயமில்லை என்றும் தெரிந்தது. எது ஓர்வில்லைக் கொன்றது என்று இப்போதும் யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அவள் தோளிலிருந்து ஏதோ இறங்கியது, இறங்கிய இடம் என் மடி.

வாசற்படிவரை போய்த் திரும்பினாள். "கர்ட்கிட்டச் சொல்லாத. அடக்கத்தன்னைக்கு வேணாம். தான் சொன்னதுதான் சரின்னு ஆயிடுச்சுன்னா அவன் மூஞ்சியப் பாக்க முடியாது."

அவள் போன பிறகு ஐஸ் டம்ளரில் மறுபடி தண்ணீர் ஊற்றினேன். ஆர்லனின் குறடால் நட்டைப் பிடித்து, இரண்டு முட்களையும் முப்பத்திரண்டுக்குக் கொண்டு வந்தேன். கடினமான வேலை இல்லை. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மூடியில் பொருத்துவதை அதிலேயே மாட்டி, அது காட்டுவதிலிருந்து பதினெட்டைக் கழித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை காலை ஆர்லனைக் குழியில் இறக்கினோம். போதகர் சுருக்கமாகப் பேசினார். மலையில் ஆட்கள் அதிக நேரம் நிற்க மாட்டார்கள், காற்று அறுக்கும். கர்ட் தன் இயந்திரத்தைப் பைன் மரங்களுக்குப் பின்னால் மறைவாக நிறுத்திவிட்டு, தொப்பியைக் கையில் பிடித்தபடி தள்ளி நின்றான். எல்லாரும் போன பிறகுதான் குழியை மூடுவார்கள். அதுதான் இங்கே வழக்கம்.

வந்தவர்கள் முன்னறையில் இருக்க, வீட்டுப் பின்புறத்தில் கரியைப் பத்தவைத்தேன். கரிமேல் சாம்பல் பூத்ததும் கோழித் துண்டுகளை அடுக்கி மூடினேன். கொஞ்ச நேரத்தில் கர்ட் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். அம்மாவை வீட்டில் இறக்க வந்தவன். ட்ரூடி அதற்குள் எங்கள் பின்வாசல் படிக்கு வந்திருந்தாள்.

"உள்ள வா கர்ட்" என்றேன்.

"சாப்பிட மாட்டேன்னு சொன்னேனே."

"சாப்பிடக் கூப்பிடல. ஒண்ணு சொல்லணும்."

ட்ரூடி என்னைப் பார்த்துக் கண்ணால் வேண்டாம் என்றாள். கர்ட் வேலிக் கதவைத் திறந்து உள்ளே வந்தான். அவன் பூட்ஸில் ஈர மண் ஒட்டியிருந்தது. ஆர்லனுடைய மண். நான் சொன்னேன். ஐஸ், கொதிநீர், நட்டு, எல்லாம். மென்மையாக்கிச் சொல்ல ஒரு வழியும் எனக்குத் தெரியவில்லை.

"எத்தன டிகிரி?" என்றான்.

"பதினெட்டு."

அவன் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு வருடமாக அவனுக்குள் இருந்த சண்டைக்கு எதிராளி திடீரென்று கையை இறக்கிவிட்ட மாதிரி நின்றான்.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. பாத்தேன் பாத்தேன்னு சொல்லிட்டே போயிட்டார்."

"அப்ப உங்களுக்குச் சொல்லவேண்டிய அவசியமே இல்லையே."

"இல்ல."

ட்ரூடி படியில் உட்கார்ந்தாள். தரையைப் பார்த்தபடி, "என் சாலட்டும் வெயில்ல கெடந்துச்சு கர்ட்" என்றாள். அவன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

தொப்பியைப் போட்டுக்கொண்டான். "நான் போய் மூடணும். மழை வரும்போல இருக்கு." வேலிக் கதவுவரை போய் நின்றான். "மூடறப்ப சொந்தக்காரங்க யாரையும் நிக்க விடறதில்ல. நீங்க நிக்கணும்னா வாங்க."

இடுக்கியையும் தெர்மாமீட்டரையும் ட்ரூடியிடம் கொடுத்தேன். "தொடையிலயும் குத்திப் பாரு" என்றேன். அவள் தலையாட்டினாள்.

அவன் லாரியில் போனோம். இயந்திரத்தால் பெரும்பகுதி மண்ணைத் தள்ளினான். குழி முக்கால்வாசி நிறைந்ததும் இன்ஜினை அணைத்துவிட்டு, இறங்கி மண்வெட்டியை எடுத்தான். மிச்சத்தைக் கையாலேயே போட்டான், மெதுவாக, விளிம்புகளைத் தட்டித் தட்டி. நான் நின்றுகொண்டிருந்தேன். முதல் தூறல் விழுந்தபோது அவன் நிமிர்ந்து பார்த்தான். லாரிக்குப் போகச் சொல்லவில்லை.