தலை சீவிய பேரிக்காய்

“பாஸ்டர் வர்றதுக்குள்ள அந்தப் பேரிக்காயோட தலையச் சீவி வைடா” என்றார் அண்ணன்.

எங்கள் குடும்பத்தில் பேரிக்காயின் தலையைச் சீவுவது செத்தவர்களுக்காக மட்டும்தான். மேல்பக்கம் திறந்திருந்தால் அவர்கள் சாப்பிடத் தோதாக இருக்குமாம். இன்று அப்பாவின் திதி. அண்ணன் படுத்திருந்த ஆஸ்பத்திரிக் கட்டிலின் குறுக்கே நிற்கும் சாப்பாட்டுப் பலகைமேல் அண்ணி ஒரு காய்ந்த மீனையும், காகிதக் கோப்பையையும், பிளாஸ்கில் அரிசி மதுவையும் வைத்துவிட்டு, நர்ஸ் வருகிறாளா என்று பார்க்க வாசலுக்குப் போயிருந்தார். அப்பாவின் போட்டோ சாயாமல் இருக்க முட்டுக் கொடுத்திருந்தது என்னுடைய டிஷ்யூ பொட்டலம். அப்பாவின் தாடைக்குக் கீழே ‘இயேசுவை நம்பு, பரலோகம் உனக்கு’ என்று பொட்டலத்தின் எழுத்து தெரிந்தது.

அந்தப் பொட்டலங்களைக் கொரியாவின் தேகு நகரத்துச் சந்தைக்கு எதிரே, சுரங்க ரயில் வாசலில், சனிக்கிழமைதோறும் நீட்டுகிறவன் நான்தான். மற்ற நாளில் சலவைக்கடை. வசந்தத்தில் பாலைவனத்து மஞ்சள் தூசி காற்றில் பறந்து வரும்போது ஜனங்கள் தாங்களாகவே வந்து கேட்டு வாங்குவார்கள். என் ஊழியத்தில் இதுவரை இரட்சிக்கப்பட்டவை பெரும்பாலும் மூக்குகள். ஊர்பேர் தெரியாதவனிடம் நரகத்தைப் பற்றிச் சரளமாகப் பேசுவேன். அண்ணன் முன்னால் மட்டும் நாக்கு எழும்பாது. சபையில் டீக்கன் ஆன பிறகு, அது விக்கிரக வழிபாடு என்று, எந்தத் திதிக்கும் நான் குனிந்ததில்லை. மற்றவர்கள் விழுந்து கும்பிடும் நேரத்தில் சமையலறையில் நின்று மீன் அடை தின்றுகொண்டிருப்பேன். அண்ணன் ஒரு தடவைகூடத் திட்டியதில்லை. “அடை தீர்ந்துச்சா, விசுவாசம் மிச்சம் இருக்கா?” என்று மட்டும் கேட்பார்.

அண்ணனுக்கு ஈரல் கெட்டுவிட்டது. டாக்டர் மருந்தைப் பற்றிய பேச்சை விட்டு, வலி இருக்கிறதா என்று மட்டும் கேட்க ஆரம்பித்துவிட்டார். போன வாரம் நானும் அவரிடம் இரட்சிப்பைப் பற்றிப் பேசத் துணிந்தேன். மனப்பாடம் செய்துவைத்திருந்த வசனமெல்லாம் எங்கோ போய்விட்டது.

“அண்ணே, நீங்க இல்லாத பரலோகத்துல நான் தனியா என்ன பண்ணுவேன்?”

அவர் என் பக்கம் திரும்பிப் படுத்தார். “சரிடா. உன் தண்ணிய வாங்கிக்கிறேன். ஆனா அப்பா திதிக்கு இந்தத் தடவ என்னால எந்திரிக்க முடியாது. எனக்கு இருக்கிறது ரெண்டும் பொண்ணு. நீ ஒரு கோப்பை ஊத்தி, ரெண்டு தடவ விழுந்து கும்பிடு. உனக்காக நான் ஆமென் சொல்றேன், எனக்காக நீ குனி.”

அண்ணன் ஞானஸ்நானம் வாங்கச் சம்மதித்ததை என் மனைவி சபையில் அறிவித்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். நிபந்தனையை அவளிடம்கூட நான் சொல்லவில்லை. பேரம் பேசி வாங்கிய ஆமெனை ஆண்டவர் ஏற்பாரா என்று பாஸ்டரிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் இன்று ஞானஸ்நானம் கொடுக்க வரமாட்டாரோ என்று பயம். அண்ணனை உள்ளே அனுப்பிவிட்டு, ரயில் வாசலில் நிற்பதுபோலப் பரலோகத்து வாசலிலும் நான் நின்றுவிட வேண்டியதுதானா? அங்கே யார் மூக்கைத் துடைப்பது?

பேரிக்காயைச் சீவினேன். மதுவை ஊற்றினேன். அதற்குமேல் கால் நகரவில்லை.

“என்னடா, முட்டி ஜெபத்துக்கு மட்டுந்தான் மடங்குமா?”

“அண்ணே, வேற எதுவாச்சும் கேளுங்க.”

“வேற எனக்கு என்னடா வேணும்?” மூச்சு வாங்கியது அவருக்கு. “நான் உங்க ஆண்டவர்கிட்டப் போயிட்டா, அந்தப் பக்கம் அப்பாவுக்கு யாருடா ஊத்துவா? பசியோட ஒக்காந்திருப்பாருடா.”

அவர் கண் கலங்கி அதுவரை நான் பார்த்ததில்லை. டிஷ்யூவுக்காகக் கை நீட்டினேன். அது அப்பாவுக்கு முட்டுக் கொடுத்திருப்பது பாதியில்தான் ஞாபகம் வந்தது. சட்டென்று கையை இழுத்தேன். முழங்கை இடித்து, பேரிக்காய் உருண்டு, கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

“தம்பி, பாஸ்டர் லிஃப்ட விட்டு எறங்கிட்டாரு” என்று அண்ணி வாசலிலிருந்து குரல் கொடுத்தார்.

மண்டி போட்டேன். பழம் தூரத்துச் சக்கரத்தருகே கிடந்தது. இரண்டு கையையும் தரையில் ஊன்றி, நெற்றி படுகிற அளவுக்குக் குனிந்தேன்.

“ஒண்ணு” என்றார் அண்ணன், மேலேயிருந்து. அந்தக் குரலில் கேலி இல்லை.

பேரிக்காய் விழுந்துவிட்டது அண்ணே என்று சொல்ல வாயைத் திறந்தேன். கதவும் திறந்தது. கட்டிலின் அடி வழியே பாஸ்டரின் கறுப்பு ஷூக்கள் தெரிந்தன. இரண்டு அடி வைத்து, அப்படியே நின்றுவிட்டன. பழம் கைக்கு எட்டியது. சீவிய வெள்ளை முகமெல்லாம் தூசி. தலையைத் தூக்கினேன். மெத்தை விளிம்பைத் தாண்டி அண்ணனின் கை தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு விரல் நீண்டிருந்தது. பக்கத்து விரல் பாதி நிமிர்ந்து காத்திருந்தது.